நன்றிப் பூசைக்குப் பிறகு

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து கொழும்புக்குப் பஸ் ஓடிய காலம். அங்கே கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்ததில் யேசுரட்ணத்தின் மலக்குடல் புற்றுக்கட்டி தடமில்லாமல் கரைந்துவிட்டது.

"இப்ப வெட்டத் தேவையில்லை. ஆனால் திரும்ப முளைக்கலாம். மூண்டு மாதத்துக்கு ஒருக்கா கட்டாயம் வந்து காட்டவேணும்" என்றார் டொக்டர்.

சொந்த ஊரான ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்தவர் அந்தோனியாருக்கு நேர்ந்தபடி நன்றிப் பூசை வைத்து, சனத்துக்குச் சோறும் போட்டார். டொக்டர் சொன்ன மூன்று மாதத் தவணை வந்தபோது கொழும்புக்குப் போக அசையவில்லை.

"பூசை குடுத்தபிறகு போய்க் காட்டினால் அந்தோனியாரை நம்பேல்லை எண்டல்லோ அர்த்தம்" என்றபடி வலையில் பொத்தல் பார்த்தார்.

மனைவி பிலோமினாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. வலையைப் பறித்து எறிந்தாள்.

"ஒவ்வொரு நாளும் அவரைக் கும்பிட்டுத்தானே கடலுக்குப் போறியள். பிறகேன் நேற்றுத் தைச்ச வலையை இண்டைக்கும் விரிச்சுப் பாக்கிறியள்? மீனுக்குப் பாக்கலாம், உங்கட உயிருக்குப் பாத்தால் மட்டும் அந்தோனியார் கோவிப்பாரோ?"