மீன் ஏறாத வண்டி

கடியப்பட்டணத்து ஞானசெல்விக்கு வண்டி வாங்கும் எண்ணம் ஆசையால் வந்ததல்ல, ஆத்திரத்தால் வந்தது. விடியும்போதே கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் பனிக்கட்டி போட்டு மூடி, பஸ் ஏறிப் பூதப்பாண்டிப் பக்கம் போய்த் தெருத்தெருவாக விற்கிறவள் அவள். பஸ் ஏறி என்பது சும்மா பேச்சுக்குத்தான். சருவம் கண்ணில் பட்டதும் ஓட்டுநருக்கு அந்த நிறுத்தம் மறந்துபோகும். தப்பித் தவறி நிறுத்திவிட்டால் நடத்துநருக்குப் புதிதாக ஒரு மூக்கு முளைக்கும். போன மாதம் ஒருவன் அவளைப் பாதி வழியில், கொட்டுகிற மழையில், சருவத்தோடு இறக்கிவிட்டுப் போனான். உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் பாதிப் பேர் அவளிடம் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறவர்கள்தான்.

நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்தவள் கணவனிடம் சொன்னாள். "எனக்க சீட்டுப் பணம் விழுந்திருக்கு. நமக்கு ஒரு பழைய வேன் எடுக்கணும். தெனமும் காலத்த மீனுக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு."

கிளீட்டஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல வருடம் பஹ்ரைனில் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிவிட்டு வந்தவன் அவன். திரும்பி வரும்போது வண்டிகளைப் பற்றிய ஞானமும் அத்தர் குப்பிகளும் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் யாரும் கேட்காமலே தெளிப்பான். "வண்டி எடுக்கது பெண்ணு கெட்டுகது மாதிரியாக்கும். அவசரப்படப்பிடாது," என்றான். அவன் பெண் கட்டியபோது பொறுமையாக இருந்ததாக ஞானசெல்விக்கு நினைவில்லை.

களியக்காவிளையில் பழைய வண்டி வாங்கி விற்கிற அனிஷிடம் போனார்கள். கல்லூரியில் படிக்கிற மகள் பிரிஜாவும் கூட வந்தாள். ஞானசெல்வி கையில் காலிச் சருவம் இருந்தது. எந்த வண்டி ஆனாலும் அதில் சருவம் நுழைகிறதா, சாயாமல் உட்காருகிறதா என்று பார்க்காமல் வாங்குவதில்லை என்பது அவள் முடிவு. கிளீட்டஸ் நாலு அடி தள்ளியே நடந்தான், யாரோ ஒருத்தி சருவத்தோடு பின்னால் வருகிறாள் என்பதுபோல.

அனிஷ் காட்டிய முதல் வேனை ஞானசெல்விக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. பின்னால் தரை முழுக்கத் தகடு அடித்திருந்தது. தண்ணீர் வடிய ஓட்டைகூட இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். என்ஜினும் முக்கல் முனகல் இல்லாமல் ஓடியது. கிளீட்டஸ் பின்கதவைத் திறந்தான். திறந்த வேகத்திலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தான்.

"என்ன தம்பி, உளும்பு நாத்தம் அடிக்குது?"

"மீனு ஓடின வண்டியாக்கும் அண்ணே. நல்லா கழுவினா போவும்."

"மீனு ஏறின வண்டி நமக்கு வேண்டாம்."

ஞானசெல்வி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "பின்ன நாம என்ன, பிச்சிப்பூவா ஏத்தப் போறோம்?"

"அது வேற, இது வேற. நம்ம மீனு நம்ம வண்டில ஏறும். ஊரானுக்க மீனு நாத்தத்த நாம எதுக்குச் சொமக்கணும்?"

அனிஷ் தொழில் தெரிந்தவன். வாங்கப்போவது யார் என்று அந்த இடத்திலேயே பிடிபட்டுவிட்டது. மூவரையும் கொட்டகையின் உள்பக்கம் கூட்டிப்போனான். அங்கே ஒரு வெள்ளை வேன், வெல்வெட் சீட்டும் ஏசியுமாக நின்றது.

"வக்கீல் ஒருத்தருக்க வண்டி அண்ணே. அவுங்க சைவமாக்கும். ஒரு நெத்திலி கூட இதுல கேறினதில்ல."

கிளீட்டஸ் உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதி நற்கருணை வாங்கும்போதுகூட வந்ததில்லை. வண்டியே சைவம் என்றால் மீன்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எங்கே கிடைக்கும்? ஞானசெல்வி மட்டும் நடுச்சீட்டை மடக்கச் சொல்லி, சருவத்தை வைத்துப் பார்த்தாள். தாராளமாக உட்கார்ந்தது. சரி, சீட்டு எதுவானால் என்ன, மீன் போனால் போதும் என்று தலையாட்டினாள். அவள் செய்த பிழை அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சொந்தக்காரர்கள் வந்து சீட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஞானசெல்வி சருவத்தோடு வந்து நின்றபோது கிளீட்டஸ் பதறினான்.

"மந்திரிச்ச மறுநாளே மீனா?"

அடுத்த நாள், கீழே விரிக்கக் கனமான தார்ப்பாய் வாங்கவேண்டும் என்றான். அதற்கடுத்த நாள், பிரிஜாவைக் கல்லூரியில் கொண்டுவிடவேண்டும், பிள்ளை மேல் வாடை அடித்தால் கூடப்படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான். பிள்ளை அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். மனைவியை இனிப் பஸ்ஸில் அனுப்புவதில்லை. மீனுக்கு ஒரு ஆட்டோ பிடிப்பது, மனைவிக்கு வேன்.

அப்படியாக மீன் ஆட்டோவில் முன்னே போனது, மீன்காரி ஏசியில் பின்னே போனாள். பூதப்பாண்டியில் ஆட்டோவிலிருந்து சருவம் இறங்கும். பின்னால் வரும் வேனிலிருந்து ஞானசெல்வி இறங்கிச் சருவத்தைத் தலையில் தூக்குவாள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. மீனில் கிடைத்த லாபமெல்லாம் ஆட்டோக்காரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளீட்டஸ் மட்டும் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பக்கம் பாதி வீட்டில் மீன் கிடையாது. சருவத்தில் பாதி விற்காமல் கிடக்க, சேலையெல்லாம் ஐஸ் தண்ணீரும் கை நிறையச் செதிலுமாக, வெயிலில் களைத்துப்போய் ஞானசெல்வி மரத்தடிக்கு வந்தாள். சருவத்தை ஆட்டோவில் வைத்துவிட்டு வேன் கதவில் கை வைத்தாள். கதவு திறக்கவில்லை. கிளீட்டஸ் உள்ளே இருந்தபடி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

"செல்வி, இண்ணைக்கு நீயும் ஆட்டோவுல வந்துரு. நாளைக்கு அக்கா வீட்டு ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் இதுலதான் போணும். வாடை சீட்டுல பிடிச்சிரும்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவிலிருந்து கையை எடுத்தாள். மழையில் இறக்கிவிட்டவன்கூட இரண்டு தடவை யோசித்துத்தான் இறக்கிவிட்டான்.

"அந்தக் கண்டக்டருக்கு நான் ஆருண்ணு தெரியாது," என்றாள். "ஒங்களுக்குமா தெரியாது?"

"ஒன்ன சொல்லல்ல, நாத்தத்தச் சொன்னேன்." கிளீட்டஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "எனக்க கூடப் படிச்ச ஒருத்தன், கல்யாணப் பந்தில எனக்க பக்கத்துல இருந்தவன், மீனு நாறுதுண்ணு மூக்கப் பிடிச்சிட்டு எழும்பிப் போனான். நாலு பேரு சிரிச்சாவ. அது எனக்கு சாவுகவரை மறக்காது. பிள்ளைக்கும் அது வரப்பிடாது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. ஞானசெல்விக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் கோபம் குறையவில்லை.

"அவன் ஒங்கள விட்டு எழும்பிப் போனதுக்கு, நீங்க எதுக்கு என்ன விட்டு எழும்பிப் போறீங்க?"

கதவின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது.

ஞானசெல்வி ஏறவில்லை. ஆட்டோவுக்குப் போய்ச் சருவத்தை இறக்கி, கூலியைக் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். நடுச்சீட்டை மடக்கவும் இல்லை. வெல்வெட்டின் மேலேயே சருவத்தை வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க. பாக்கி மீனு விக்கணும்."

முதல் குழியிலேயே சருவம் தளும்பியது. மீன் தண்ணீர் சீட்டில் வழிந்து மடிப்புக்குள் இறங்கியது. கிளீட்டஸ் கண்ணாடியில் அதைப் பார்த்தான். வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டம்மா ஞானசெல்வியைக் கண்டு கைகாட்டி நிறுத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு ஆச்சரியம். "இவ்வளவு நல்ல வண்டியில மீன ஏத்தியிருக்கீங்களே, நாறிப் போகாதா?"

ஞானசெல்வி முன்சீட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கிளீட்டஸ் ஏசியை நிறுத்தினான். இறங்கி வந்து பக்கக் கதவை முழுக்கத் தள்ளித் திறந்தான்.

"நாறத்தான் செய்யும்," என்றான். "மீனு வண்டியில்லியா."

சருவத்தின் இன்னொரு பக்கத்தை அவன் பிடித்துத் தூக்கினான்.