திருகு இல்லாத லேப்டாப்

சகலையின் லேப்டாப் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து முதலாளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், பத்துப் பேரில் எட்டுப் பேர் லேப்டாப் வாங்குகிற பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் விற்பனை மேனேஜர். இவரோ பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு சொந்தமாக லேப்டாப் செய்கிற சுண்டைக்காய் முதலாளி.

மனைவி அதைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு மெலிசு! நம்மது செங்கல் மாதிரில்ல இருக்கு" என்றாள். கட்டிய மனைவி சொல்லலாமா இதை? அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன!

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடம் முந்நூறு லேப்டாப் வாங்க இருந்தது. அந்த ஆர்டர் வந்தால்தான் பட்டறை பிழைக்கும். இவருடைய மாடலைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டிருந்தார்கள். அடியில் ஆறு திருகு. கழற்றினால் பேட்டரி, கீபோர்டு எல்லாம் கைக்கு வந்துவிடும். மனுஷர் சும்மா இருந்தாரா? செய்து வைத்திருந்த அத்தனையையும் பிரிக்கச் சொன்னார்.

"திருகே வேணாம். பசை போட்டு ஒட்டுங்க. சகலையோடது மாதிரியே வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"ரிப்பேர்னா எப்படி சார் திறக்கறது?" என்று கேட்ட மெக்கானிக் பெண்ணை முறைத்த முறைப்பில் அவள் பசை டப்பாவைத் தேடிப் போனாள்.

தலைமையாசிரியையின் மேசையில் இவருடைய லேப்டாப்பும், அதே ஆர்டரைக் கேட்டு வந்திருந்த சகலையின் லேப்டாப்பும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மா இவருடையதைத் திருப்பிப் பார்த்தார்.

"திருகு எங்கே?"

"எடுத்துட்டோம் மேடம். இப்ப எவ்வளவு மெலிசு பாருங்க!"

"எங்க பசங்க வாரத்துக்கு நாலு கீயைப் பிடுங்கிடுவாங்க. நாங்களே திறந்து மாத்திக்கலாம்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"ரெண்டு மாசம் குடுங்க, பழையபடி மாத்தித் தர்றேன்."

"அடுத்த வாரம் வகுப்பு ஆரம்பிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னா நான் பெரிய கம்பெனியிலயே வாங்கிக்கறேன்."

அவ்வளவுதான். கதை முடிந்தது.

வாசலில் சகலை அவர் தோளைத் தொட்டார். "அண்ணே, ஆறு மாசமா உங்க திருகு வச்ச மாடலைப் பாத்துத்தான் எங்க ஆபீஸே நடுங்கிட்டிருந்துச்சு. இந்த ஆர்டர் எங்களுக்கு இல்லைன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன்."

"அடப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"எப்படிண்ணே சொல்வேன்? உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை."