இரண்டாம் ஷிப்டின் மழை

எரிவாயு மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய நீராவி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இருபத்தெட்டு கிலோமீட்டர் நகர்ந்து, ஆற்றுக்கு அப்பால் ஒரு தையற்காரியின் வீட்டின்மேல் மட்டும் மழையாகப் பெய்தது. அது வெள்ளைக் கோடாக ஆற்றைத் தாண்டி வருவதை ஊரே பார்த்தது. பக்கத்து மாடியில் வெயிலுக்குப் போட்ட மெத்தைமேல் ஒரு சொட்டு விழவில்லை. மழை வெதுவெதுப்பாக இருந்தது. தைக்கக் கொடுத்த துணிகளில் ஈரவாடை அடிக்கவே வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். ஏழு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தையற்காரி நிலையத்துக்குப் புகார் எழுதினாள்.

மாசு அளக்கும் அதிகாரி வந்து புகைபோக்கிக்குள் குழாயைச் செருகிப் பார்த்தார். நைட்ரஜன் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் வரம்புக்குள் இருந்தன. "வாயு எரிஞ்சா தண்ணியும் உண்டாகத்தான் செய்யும். ஆனா அட்ரஸ் பாத்துப் போகாதே" என்று தலையைச் சொறிந்தவருக்கு, இரண்டு வாரம் ஷிப்ட் பதிவேட்டைப் புரட்டியதில் விஷயம் பிடிபட்டது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஆபரேட்டர் இரண்டாம் ஷிப்டில் உட்காரும்போது மட்டும் அந்த வீட்டில் பெய்தது. மற்றவர்கள் உட்கார்ந்தால் ஆவி காற்றோடு ஒழுங்காகப் போனது.

மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"என் தங்கச்சி சார்."

"ஒரு வார்த்தை பேசிப் பாக்கலாமில்ல?"

"ஒம்பது வருஷம் ஆச்சு சார்."

ஒன்பது வருடத்துக்கு முன், அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த நாளில், பராமரிப்பு முடிந்த டர்பைனை அக்கா மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பாதி வேகத்தில் விட்டுவிட்டு எழுந்து வர முடியாது. மாற்று ஆளும் இல்லை. தங்கை மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் "இன்னும் ஒரு மணி நேரம்" என்றாள் அக்கா. அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். தங்கை அழவில்லை. "நீ அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அக்கா அப்படியே செய்தாள். சுடர் வெப்பத்தையும் நீராவி அழுத்தத்தையும் பார்த்தபடி எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசாதே என்று தங்கையை இப்போது யார் அதட்டுகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள்.

வேறு வழியில்லாமல் அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவள் போல்ட்டுகளை அளவு வாரியாக அடுக்கினாள். ஆற்றுக்கு அப்பால் மழை நின்றது, தையற்காரியின் கூரை காய்ந்தது, வாடிக்கையாளர்களும் திரும்பினார்கள். பதினோராவது வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. "இங்கே மழை நின்றுவிட்டது. அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று உடனே தெரிவிக்கவும்."

மேலாளர் கடிதத்தை ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டு போனார். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். யாரிடமும் கேட்காமல் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவன் எழுந்து இடம் விட்டான். நாலு மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது.

அக்கா எடுத்தாள்.

"சாப்டியா?" என்றாள் அக்கா.

"ம். இப்பத்தான் தூற ஆரம்பிச்சுது."

"உள்ள போ. நனையாத."

"பரவால்லக்கா. சூடாத்தான் இருக்கு."

நேரில் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் ஆனது. வந்தது தங்கைதான், வாசல் காவலாளி அவள் முகஜாடையைப் பார்த்துப் பெயர் கேட்காமலே உள்ளே விட்டான். அதன் பிறகும் மழை நிற்கவில்லை. தங்கை எதிர்வீட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தையல் மெஷினை அங்கே கொண்டுபோய்ப் போட்டாள். அந்த வருட உமிழ்வு அறிக்கையில், கார்பன் மோனாக்சைடுக்குக் கீழே, அதிகாரி ஒரு வரி சேர்த்தார்: மழை, ஒரு வீடு, வாரம் ஆறு நாள். எதிரே, வரம்புக்குள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.