நாலாவது தோள்

பாடையின் பின்பக்க மூங்கில் தன் உயரத்துக்குச் சரிவருமா என்று பேச்சிமுத்து தோளைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காளிராஜ் வந்து அவர் கையைப் பிடித்து விலக்கினார்.

"அதெல்லாம் சங்கம் பாத்துக்கிடும்."

"எங்க அண்ணன்யா."

"எங்களுக்கும் அண்ணன்தான். அதுவும் போக, நீ தூக்குனா ஒரு பக்கம் சரியும்."

இரண்டுமே உண்மை. பேச்சிமுத்து குட்டை. செத்துப்போன பால்ச்சாமி நெட்டை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால்தான் தெரியும். காளிராஜுக்குப் பால்ச்சாமி வேறு வகையில் அண்ணன். பேண்டேஜ் தொழிலாளர் சகோதரர் சங்கத்துக்கு அவர் தலைவர், காளிராஜ் செயலாளர். சங்கத்தில் ஒருவர் இறந்தால் சகோதரர்கள்தான் தூக்க வேண்டும். வெளியாள் மூங்கிலைத் தொடக் கூடாது. தீ வைக்கும்வரை ஒரு சகோதரரும் பிணத்தை விட்டு நகரக் கூடாது. எல்லாம் பால்ச்சாமி போட்ட விதிகள்.

இன்னொரு விதியும் அவர் போட்டதுதான். சகோதரர் சங்கத்தில் உடன்பிறந்த சகோதரர்கள் இரண்டு பேர் இருக்கக் கூடாது. சங்கம் ஆரம்பித்த புதிதில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் வரப்புத் தகராறைக் கூட்டத்துக்கு இழுத்து வந்து, டியூப்லைட்டையும் பொருளாளர் மூக்கையும் உடைத்தார்கள். அடுத்த கூட்டத்திலேயே விதி வந்தது. அதே கூட்டத்தில்தான் பேச்சிமுத்து தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. வேறு எதைப் பற்றியும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

"இப்ப எம்புட்டுப் பேரு இருக்கீய?"

"என்னயச் சேத்து நாலு பேரு. மூங்கிலுக்குச் சரியாப் போச்சு பாத்தியா."

மற்ற மூன்று பேரும் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்வின் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சிமுத்து நகர்ந்தார். காளிராஜ் பின்னாலேயே வந்தார்.

"பேச்சிமுத்து, ஒரு சின்ன சிக்கலு."

சிக்கல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. சண்டைக் காலத்தில் ராணுவத்துக்கும், சுனாமிக்கும் கட்டுக்கட்டாகப் பேண்டேஜ் துணி அனுப்பிய சங்கம் அது. கொரோனாவில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தது. நாட்டுக்குச் செய்ததை நாடு ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பால்ச்சாமி பாதி ஆயுளை மனு எழுதியே தீர்த்தார். கடைசியில் அரசாங்கம் ஒத்துக்கொண்டது. இன்றைக்குத்தான் அங்கே ஒரு மண்டபத்தில் விருது கொடுக்கும் விழா. அதற்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை விடிகாலையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தவர், அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார். சட்டையைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

"வராதவங்களுக்குக் கெடையாதுன்னுட்டாவ. நாங்க நகரக் கூடாது. கௌதம்ராஜ் கொள்ளி வைக்கிற மகன், அவனும் நகரக் கூடாது."

"அதனால?"

"நீதான் வெளியாளு."

பேச்சிமுத்து அவரையே பார்த்தார். உள்ளே அண்ணன் தலைமாட்டில் இருந்த முனீஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "போயிட்டு வாங்க தம்பி. என்னயக் கட்டுனாவன்னு பேருதான். அந்தச் சங்கத்தத்தான் கட்டிக்கிட்டு அழுதாவ. போற நேரத்துல அது ஒண்ணையாச்சும் பாத்துட்டுப் போகட்டும்."

"நான் வாரதுக்குள்ள எடுத்துற மாட்டீயளே மதினி?"

காளிராஜ் முந்திக்கொண்டார். "எடுக்க மாட்டோம். சங்கத்து மேல சத்தியம்."

மண்டபத்தில் சிறப்பு விருந்தினர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பேச்சிமுத்து முதல் வரிசையில், பக்கத்து நாற்காலிகளுக்குப் போன கேசரியின் வாசத்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணனை இந்நேரம் குளிப்பாட்டியிருப்பார்கள் என்று நினைத்தார். அந்தச் சட்டையை எப்படிக் கழற்றுவார்கள் என்றும் நினைத்தார்.

"அடுத்து, பேண்டேஜ் தொழிலாளர் சகோதரர் சங்கத்தின் தலைவர், திரு. பால்ச்சாமி அவர்கள்!"

கைதட்டினார்கள். பேச்சிமுத்து மேடை ஏறினார். டெல்லியிலிருந்து வந்திருந்த தமிழ் அதிகாரி பொன்னாடை போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்தார்.

"இந்த வயசுலயும் நல்லா இருக்கீங்களே பால்ச்சாமி."

பேச்சிமுத்து வாயைத் திறந்தார். செத்தவர் பேரில் தர மாட்டோம் என்று திருப்பி வாங்கிவிட்டால்? வாயை மூடிக்கொண்டார்.

"உங்க சங்கத்தோட தனிச்சிறப்பு என்ன?"

"லேசுல யாரையும் சேக்க மாட்டோம்யா."

அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "கட்டுப்பாடு! இதான் வேணும். நீங்க நூறு வயசு இருக்கணும்."

"ஆகட்டும்யா."

போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். பேச்சிமுத்து அண்ணன் பேரில் சிரித்தார்.

பஸ்ஸில் கண்டக்டர் பொன்னாடையையும் மடியில் இருந்த கேடயத்தையும் பார்த்தார். "என்னண்ணே, விசேஷ வீடா?"

"எழவு வீடு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார். அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை.

தெருவுக்குள் நுழையும்போதே தண்ணீர் ஓடி வந்தது. வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் பூ மிதந்தது. முனீஸ்வரி ஈரத்தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"மழ இருட்டுதுன்னு எடுத்துட்டாவ தம்பி. நான் சொல்லிப் பாத்தேன்."

பேச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். வெயில் அடித்தது. கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பொன்னாடை பறக்க, ஓடினார். எதிரே வந்த சைக்கிள்காரர் தேர்தல் ஏதாவது முடிந்திருக்கிறதோ என்று இறங்கி நின்று பார்த்தார்.

சுடுகாட்டுக்கு முந்தின ஓடைப் பாலத்தில் கூட்டம் நின்றிருந்தது. நடுவில் பாடை இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆல்வின் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "யேசப்பா" என்று முனகினார். பின்னால் வாடகைக்குப் பிடித்த அமரர் ஊர்தி காலியாக நின்றது. தோள் கொடுக்க வந்த இளவட்டங்களையெல்லாம் காளிராஜ் விதியைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் தூக்குங்க. சட்டி சுடுது" என்றான் கொள்ளிச்சட்டியோடு நின்ற கௌதம்ராஜ்.

பேச்சிமுத்து மூச்சு வாங்க வந்து நின்றார். அண்ணன் அதே வெள்ளைச் சட்டையில்தான் கிடந்தார். பொத்தான் மட்டும் ஒன்று தப்பாகப் போட்டிருந்தது. காளிராஜ் கேடயத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"சங்கத்துப் பேரு சரியாப் போட்டிருக்கானா?"

"சத்தியம் பண்ணுனியே."

"மழ வந்துரும்னு..."

"எங்க மழ?"

காளிராஜ் வானத்தைப் பார்க்கவில்லை. பேச்சிமுத்து கேடயத்தை ஆல்வின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து அண்ணன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"ஒடம்பொறந்தவங்க ரெண்டு பேரு சங்கத்துல இருக்கக் கூடாது. அதான விதி?"

"ஆமா."

"இப்ப ஒருத்தன்தான இருக்கேன்."

கட்டையில் உட்கார்ந்தபடியே ஆல்வின் கையைத் தூக்கினார். "நான் ஆதரிக்கேன்." மற்ற இருவரும் கையைத் தூக்கினார்கள். காளிராஜ் படுத்துக் கிடந்த தலைவரை ஒரு தடவை பார்த்தார், வேறு யோசனை ஏதும் உண்டா என்பதைப் போல. செத்த நேரம் கழித்து அவர் கையும் மேலே போனது.

"தீர்மானம் நெறவேறிருச்சு. தூக்கு, சகோதரரே."

தூக்கினார்கள். காளிராஜ் காலையில் சொன்னது சரியாகவே இருந்தது. பேச்சிமுத்து நின்ற மூலை தாழ்ந்து, பால்ச்சாமி தம்பி பக்கமாகச் சரிந்தார்.

"சரியுது, சித்தப்பா."

"செத்த இருங்க."

பேச்சிமுத்து ஒரு கையால் மூங்கிலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கழுத்தில் கிடந்த பொன்னாடையை உருவினார். பல்லால் கடித்து நாலாக மடித்தார். இன்னொரு மடிப்பும் மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் மூங்கிலை இறக்கினார்.

பாடை மட்டமானது. நடந்தார்கள். பின்னால் ஊர்ந்து வந்த வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில், ஆல்வின் கேடயத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தார்.