இரண்டாவது தோலும் மூன்றாவது தோலும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோபனாவின் வேலை நிரந்தரமா, மூட்டை கட்டிக்கொண்டு ஒடுகத்தூருக்கே திரும்புவதா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கென்று பார்த்துத்தான் அவள் எழுதிய புரோகிராம் மானத்தை வாங்கியது.

மேனேஜர் சுஹேல் அகமது ஒரு ஜோடி ஷூவை அவள் கீபோர்டு மேலேயே வைத்தார். "இன்னாம்மா இது? இடதுகால் டீ கலரு, வலதுகால் காபி கலரு!"

பக்கத்து நாற்காலி ஜெஸ்டன் சிரித்தான். "அப்பவே சொன்னேன் சார், இந்த ஹாஸ்கெல் லாங்வேஜெல்லாம் பேஜாருன்னு."

"நீ சொன்னது கேன்டீன் போண்டா சரியில்லன்னுதான்," என்றாள் சோபனா.

"மத்தியானம் வரைக்கும் டைம். இல்லன்னா பழையபடி கண்ணால பார்த்தே பிரிச்சுக்கலாம். உன் புரோகிராமும் வேணாம், அப்புறம்..." மிச்சத்தை விழுங்கிவிட்டுப் போனார். மிச்சம் அவள்தான்.

சாயம் ஏறிய தோல்கள் வரிசையாகக் கேமரா முன்னால் போகும். ஒவ்வொன்றின் நிறமும் ஓர் எண்ணாக வரும். அடுத்தடுத்த எண்கள் ரொம்ப விலகினால் திரையில் சிவப்பு எரிய வேண்டும். எரியவில்லை.

கட்டிங் பக்கம் இறங்கிப் போய் நின்றாள். இடதுகாலை வெட்டியதும் ஒரு தோல் தீர்ந்தது. வெட்டுகிறவர் அடுத்த தோலை இழுத்து வலதுகாலை வெட்டினார். தீர்ந்தது இரண்டாவது தோல், இழுத்தது மூன்றாவது.

பொறி தட்டியது. அவள் புரோகிராம் ஒன்றை இரண்டோடும், மூன்றை நான்கோடும் சேர்த்துப் பார்த்தது. இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. பெட்டிக்கு இரண்டு ஷூ என்று பார்த்துப் பார்த்துப் புத்தியும் அப்படியே போயிருக்கிறது. "எருமை," என்று தன்னையே திட்டிக்கொண்டு படியேறினாள்.

புரோகிராமில் மாற்ற வேண்டியது ஒரே வரிதான். தோல்களின் எண் வரிசையை அப்படியே ஒரு பக்கம் வைத்தாள். அதே வரிசையில் முதல் எண்ணை மட்டும் உதறிவிட்டு இன்னொரு பக்கம் வைத்தாள். பல்லோடு பல் கோக்கிற மாதிரி இரண்டையும் 'ஜிப்' என்ற கட்டளையால் சேர்த்து இழுத்தாள். ஒன்றோடு இரண்டு, இரண்டோடு மூன்று, மூன்றோடு நான்கு.

"ஒரே தோல ரெண்டு தடவ பாக்குற," என்றான் ஜெஸ்டன்.

"ரெண்டு பக்கமும் வீடு இருந்தா, நீ ஒரு பக்கத்தோட மட்டுமா சண்ட போடுவ?"

"கடைசித் தோலுக்கு அடுத்தது இல்லியே?"

"அங்கயே நின்னுடும். உன்னாட்டம் வளவளன்னு போவாது."

காலையில் வெட்டிய தோல்களின் எண்களை மறுபடி ஓட்டினாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சிவப்பு. மதியத்துக்கென்று அடுக்கி வைத்திருந்தவற்றை ஓட்டினாள். அங்கேயும் சிவப்பு.

சுஹேல் வந்து பார்த்தார். உடனே போனில், "அந்த அடுக்குல கை வைக்காதீங்க!" என்று கத்தினார். பிறகு திரும்பி, "யார் தப்பு?"

ஜெஸ்டன் வாயைத் திறப்பதற்குள் சோபனா முந்தினாள். "என்னுது சார். ரெண்டு ரெண்டா பிரிச்சுட்டேன். கண்டுபிடிச்சதும் நான்தான், திருத்துனதும் நான்தான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, கெஞ்ச மாட்டேன்."

"யாரும்மா கெஞ்சச் சொன்னா? உள்பக்க லைனிங் தோலுக்கும் இதையே போட்டுட்டு, ஆபீஸ்ல போயி பர்மனென்ட்டுக்குக் கையெழுத்துப் போடு."

"கையெழுத்து மொதல்ல சார்," என்று சோபனா எழுந்தாள்.