அத்தானின் விதைக் கவர்

அத்தான் இறந்த பிறகு அக்கா தோட்டத்து வீட்டை விற்றுவிட்டு நான்காவது மாடி ஃப்ளாட்டுக்குப் போனாள். போகிற அன்று ஒரு சின்னக் கவரை என் கையில் திணித்தாள். அத்தான் தன் கையாலேயே சேர்த்து, ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்த விதை. மேலே அவர் கையெழுத்தில் 'என்னை மறவாதே' என்று பூவின் பெயர்.

"பிரிஞ்சு போறவங்க குடுத்துட்டுப் போற பூவாம்டா இது. அவர்தான் சொல்வாரு. ஃப்ளாட்ல எனக்குப் பிடி மண்ணுகூட இல்ல. உன் வீட்டுப் பின்னாடி நிழலா இருக்கே, அங்க போடு. அப்புறமா விதை எடுத்துக்கறேன். இதை விட்டா வேற இல்லடா."

"இதெல்லாம் ஒரு வேலையாக்கா? நாளைக்கே போட்டுடறேன்," என்றேன். வாய்க்கு மட்டும் எனக்குக் குறைச்சல் இல்லை.

போடவில்லை. சமையலறை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளோடு கிடந்தது. மூன்று மாதம் ஓடிவிட்டது. அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் "முளைச்சிருச்சு", "ஜோரா வருது" என்று அளந்துவிட்டேன். மறக்காதே என்று பெயரிலேயே கெஞ்சுகிற பூவை மறந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றேன்டா," என்றாள் ஒருநாள்.

"உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்," என்றாள் மனைவி. கேட்டேனா? ஞாயிறு காலை நர்சரிக்கு ஓடி, பூத்திருந்த ஆறு செடி வாங்கிவந்து, விலை அட்டைகளைப் பிடுங்கிவிட்டு, சுவரோரம் நட்டு, கை கழுவுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அக்கா செடிகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குட்டிக் குட்டி நீலப் பூக்கள், நடுவில் மஞ்சள் பொட்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றையும் தொடவில்லை.

"மிச்ச விதை இருக்காடா?"

"பாதி இருக்குக்கா," என்று உளறினேன்.

உள்ளே ஓடினேன். அத்தான் அடித்த பின் அப்படியே இருந்தது. பிரிக்காமல் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். பின்னைப் பிய்த்து, பாதி விதையைச் சட்டைப் பையில் கொட்டினேன். கடுகைவிடச் சின்னதாய், கறுப்பாய், பளபளவென்று இருந்தன. அந்த மனுஷன் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிச் சேர்த்தவை. அது தெரிந்தும் கொட்டினேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அக்கா கவரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இந்தச் செடி முதல் வருஷம் பூக்காதுடா. வெறும் இலைதான். அடுத்த வருஷம்தான் பூ. உங்கத்தான் முதல் தடவை போட்டப்ப, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு வருஷம் பூரா திட்டிட்டே இருந்தாரு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "மீதி எங்கடா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். குனிந்து சட்டைப் பையை அதில் கவிழ்த்தேன். விதையோடு ஒரு கசங்கிய பஸ் டிக்கெட்டும் நூலும் விழுந்தன. தையலில் சிக்கியதை நகத்தால் கிள்ளி எடுத்துப் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. குப்பையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, விதையைக் கவருக்குள் போட்டாள்.

"ஸ்டேப்ளர் இருக்கா?"

எடுத்துவந்து கொடுத்தேன். அத்தானின் பின் இருந்த ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே அடித்தாள்.

"அக்கா, குடுக்கா. உன் கண்ணு முன்னாடியே இப்பவே போட்டுடறேன்."

"வேணாம்டா," என்றாள். கவரைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் ஒரு தொட்டி வாங்கிக்கறேன்."