வார்டு வாசலைத் தாண்டிய பச்சை உடுப்பு

உங்கள் முகம் யாருக்கும் தெரியாத ஊரில், வேலை முடிந்து தனி அறைக்குத் திரும்பியிருக்கிறீர்களா? திரும்பியிருந்தால், இந்த நர்ஸ் அந்தப் பச்சை உடுப்பை ஏன் கழற்றாமல் திரிந்தாள் என்பது உங்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டில் வேலை. வார்டில் போடுகிற பச்சைச் சட்டையையும் பேண்டையும் வேலை முடிந்ததும் கழற்றிச் சலவைக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒழுங்கு அதுதான். வந்த புதிதில் அவளும் அப்படித்தான் செய்தாள். சொந்த உடுப்பில் பஸ் ஏறினால் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. இடித்துவிட்டுப் போகிறவன்கூட யாரை இடித்தோம் என்று திரும்பிப் பார்க்க மாட்டான். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல். ஊரிலிருந்து அம்மா போனில் "சாப்டியா?" என்பாள். "சாப்டேம்மா" என்பாள் இவள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வார்டு உடுப்போடே ஓடினாள். உள்ளே ஒருவர் சட்டென்று எழுந்து, "உக்காருங்க சிஸ்டர், நாள் பூரா நின்னிருப்பீங்க" என்றார். அவள் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளிலிருந்து சலவைக் கூடையைக் கண்டும் காணாதவளானாள். காலையில் பச்சையில் போனாள். மாலையில் அதே பச்சையில் திரும்பினாள்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. அடுப்பைப் பார்ப்பது கடைக்கார அக்கா. கல்லாவில் உட்காருவது அவள் புருஷன். போன வருஷம் கிட்னி மாற்றியவர். உடம்பில் பாதி போனாலும் வாய் போகவில்லை என்று அக்கா சொல்வாள்.

"வாங்க சிஸ்டர்! ஊசி எடுத்துட்டு வரலியே?" என்பார் அவர் தினமும்.

"உங்க வாய்க்குப் போடற ஊசி இன்னும் கண்டுபிடிக்கலண்ணே" என்பாள் அவள்.

கல்லாவை ஒட்டிய நாற்காலி அவளுடையதாகிவிட்டது. உட்காரும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கை கழுவுவாள். பிறகு ஈரக் கையை அந்தப் பச்சைச் சட்டையிலேயே துடைத்துக்கொள்வாள். அவர் நீட்டுகிற தட்டை வாங்குவாள். அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு அந்த ஊர்.

நடுவில் சில நாள் கல்லா காலியாக இருந்தது. "காய்ச்சல். ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க" என்று மட்டும் அக்கா சொன்னாள். அவர் திரும்பி வந்த அன்று நர்ஸ் ஆசையாக உள்ளே நுழைந்தாள். அவளுடைய நாற்காலி அங்கே இல்லை. அக்கா ஓடிவந்து மறித்தாள்.

"வெளிய அந்த மேசைல உக்காரும்மா. நானே கொண்டாந்து தரேன்."

"ஏன்க்கா? உள்ளதான் எடம் இருக்கே?"

"சொன்னா கேளேன்."

வெளி மேசையில் தட்டு வந்தது. சோறு இறங்கவில்லை. இருந்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது போல இருந்தது. பொறுக்க மாட்டாமல் எழுந்து வாசல்படி வரை போனாள்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாக்கா? சொல்லிடுங்க, மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பேச்சுல என்ன தப்பு? இவருக்குப் புதுக் கிட்னி ஒத்துக்கணும்னு ஒடம்போட எதிர்ப்புச் சக்தியவே மாத்திரை போட்டு அடக்கி வச்சிருக்கு. ஒனக்குத் தெரியாததா? நீ காய்ச்சல் வார்டுலேர்ந்து அப்படியே வந்து பக்கத்துல உக்கார்ற. ஒன்னாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். யாருகிட்டேர்ந்து வந்துச்சோ, அந்த டாக்டருக்கே தெரியல. ஆனா எனக்கு பயமா இருக்கும்மா."

"கை கழுவிட்டுத்தானேக்கா உக்கார்றேன்!"

"சட்டையக் கழுவினியா?"

 அவள் குனிந்து சட்டையைப் பார்த்தாள். காலையில் ஒரு நோயாளி இருமி இருமி அவள் தோளில்தான் சாய்ந்திருந்தார். அந்தத் தோளோடு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை இருந்தது. நோயாளிக்கு நோயாளி கையுறை மாற்றுகிறவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? தோன்றியிருந்தது. தள்ளி வைத்திருந்தாள்.

"இதக் கழட்டிட்டா என்னை யாருக்கும் தெரியாதுக்கா" என்றாள். குரல் உடைந்தது. "இத பாத்துத்தான் சிஸ்டர்னு கூப்பிடறாங்க. எடம் குடுக்கறாங்க. இல்லன்னா நான் இருக்கறதே யாருக்கும் தெரியல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கல்லாவிலிருந்து அவர்தான் பேசினார். வழக்கமான கேலி அந்தக் குரலில் இல்லை.

"நீ சொல்றது பொய்யில்லம்மா. சட்டையப் பாத்துத்தான் நாங்களும் மொதல்ல கூப்பிட்டோம். ஆனா ஒண்ணு கேளு. அந்த உடுப்பு வார்டுக்குள்ள நோயாளிக்குக் காவல். வெளிய வந்துட்டா, பஸ்ல உக்காந்திருக்கற பச்சப்புள்ளைக்கும் என்னை மாதிரி ஆளுக்கும் அதுவே ஆபத்து. கை கழுவினா பாதி வேலைதான் முடிஞ்சுது. உடுப்ப வார்டோட விட்டுட்டு வந்தாத்தான் மீதியும் முடியும். மரியாத வேணும்னு நோயச் சுமந்துட்டு வரக்கூடாது."

அவள் தலையாட்டினாள். பாதிச் சாப்பாட்டோடு எழுந்து நடந்தாள். பஸ்ஸில் ஏறவில்லை. அறை வரைக்கும் யார் மேலும் படாமல் தெருவோரமாகவே போனாள். போனதும் பச்சை உடுப்புகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அம்மா போன் செய்தபோது, "சாப்டலம்மா" என்றாள்.

மறுநாள் காலை, சொந்தச் சட்டையில், அந்தப் பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். தினமும் அவளுக்குச் சலாம் வைக்கிற காவலாளி கையை நீட்டித் தடுத்து, "பார்வையாளர் நேரம் பத்து மணிக்குத்தாம்மா" என்றார். அவள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, உள்ளே போய்ப் பையைச் சலவைக் கூடையில் போட்டுவிட்டு, துவைத்த பச்சை உடுப்புக்கு மாறினாள்.